தவக்காலத்து வினாகிரி

முல்லைத்தீவுக் கரையில் ஜெயரூபினி போடும் மீன் அச்சாறை ஒருமுறை சாப்பிட்டவர்கள் வேறு வீட்டு அச்சாறைத் தொடமாட்டார்கள். நானும் அந்தக் கட்சிதான். அதற்கு வேண்டிய வினாகிரியையும் பனங்கள்ளிலிருந்து அவளே புளிக்கவைத்து எடுப்பாள். சாடியில் வெள்ளை ஆடை எவ்வளவு தடிக்கிறதோ, அவ்வளவு புளிப்பு ஏறியிருக்கிறது என்பது அவளுடைய கணக்கு. யார் சொன்னாலும் மாற்றமாட்டாள்.

அந்தக் கணக்கு பாதிதான் சரி. ஆடை என்பது பற்றீரியாக்களின் கூட்டம். கள்ளிலுள்ள மதுசாரத்தைத் தின்று வளரும்போது அவை புளிப்பைத் தருகின்றன. மதுசாரம் தீர்ந்துபோனால், தாங்கள் தந்த புளிப்பையே தின்னத் தொடங்கிவிடும். ஆடை தடிக்கும், புளிப்பு இறங்கும். அவள் அடிக்கடி புதுக் கள் ஊற்றிவந்ததால் இதுவரை அப்படி நடக்கவில்லை. இம்முறை தவக்காலம் முழுவதும் கள்ளைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டாள். சாடி அப்படியே கிடந்தது.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை திறந்தபோது ஆடை தோசைத் தடிப்பில் இருந்தது. பூரித்துப்போனாள். நேர்த்திக்கடன் இன்னும் முடியவில்லையே என்று நாக்கில் வைத்தும் பார்க்கவில்லை. பொரித்த மீனில் அதை ஊற்றி, போத்தலை வவுனியாவிலிருக்கும் தங்கை ராஜினிக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். ஒரு கிழமை ஊறவிட்டுத் திறக்கச் சொன்னாள். ராஜினிக்கு முதல் பிள்ளை கருவிலேயே கலைந்துபோனது. இப்போது ஆறாம் மாதம். அக்காவின் அச்சாறுதான் வேண்டுமென்று ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாள்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து அடுத்த ஞாயிறு அதே வினாகிரியை வெங்காயத்துக்கு விட்டுக் கணவன் மரியநேசனுக்குப் பரிமாறினாள். அவன் முகத்தைச் சுளித்தான்.

"என்னப்பா, தண்ணியே விட்டனீர்? புளிப்பே இல்லை."

அவளும் வாயில் வைத்துப் பார்த்தாள். இந்தத் தண்ணீருக்குள்தான் ஒரு கிழமையாக மீன் கிடக்கிறது, பழுதாகியிருக்கும். இன்றுதான் ராஜினி திறக்கும் நாள்.

கைபேசியில் அழைத்தாள். ராஜினி எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தும் எடுக்கவில்லை.

"ஐயோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டாங்களோ?"

மரியநேசன் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தான். அவன் படலையைத் தாண்டுமுன் கைபேசி ஒலித்தது. ராஜினிதான்.

"போத்தலைத் திறந்திட்டியே? சாப்பிட்டிட்டியே?"

மறுபக்கம் விம்மல் மட்டுமே கேட்டது.

"வாயைத் திறந்து சொல்லடி!"

"திறந்தனான் அக்கா. மணம் சரியில்லை. வாயில வைக்கவே இல்லை, முழுக்கக் கொட்டிப்போட்டன். ஆசையா அனுப்பினீங்கள், உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் போனை எடுக்கேல்லை."

ஜெயரூபினி குசினி நிலத்தில் அப்படியே குந்திவிட்டாள். கண்ணீர் வழிந்தது. தன் அச்சாறை ஒருத்தி குப்பையில் கொட்டியதற்காக அவள் மாதாவுக்கு நன்றி சொன்னது அன்றுதான்.