நேசபாய் வைத்த ஜெபக் குறிப்பு

உள்ளறையில் எவர்சில்வர் தம்ளர் ஒன்று தரையில் மோதி, உருண்டு, சுவரில் முட்டி நின்றது.

பால் சேர்க்காத கட்டன் சாயாவை நீட்டிய நேசபாயின் கை அப்படியே நின்றது. தம்ளர் கை தவறி விழுந்ததா, எறியப்பட்டதா? கதவுக்குப் பதிலாகத் தொங்கும் திரைக்குப் பின்னால்தான் அவள் கணவர் செல்வதாஸ் படுத்திருந்தார். முன்னறையில் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் அங்கே கேட்கும்.

சாயாவை வாங்கிக்கொண்ட குமாரதாஸுக்கு அது உறைக்கவில்லை. செல்வதாஸோடு ஒரே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, குரலைத் தாழ்த்தினான்.

“மைனி, லேகியம். மார்த்தாண்டத்துல ஒரு ஆசான் செய்யது. ராத்திரி பாலுல கலக்கிக் குடுங்க. அண்ணன் பழைய ஆளாட்டு எழும்பிருவாரு.”

“காலுக்கு நல்லதா தம்பி?”

“காலுக்கா?” அவன் தரையைப் பார்த்துச் சிரித்தான். “சங்கத்துல நீங்கதானே பறஞ்சிய, அந்தச் சூக்கேட்டுக்கு. பஸ் ஸ்டாண்டு சொவத்துல எழுதிப் போட்டிருக்காம்லா, அதை வாசிச்சதில்லியா நீங்க?”

வாசித்திருக்கிறாள். அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கப் போகிற நாளெல்லாம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போவாள். ‘நரம்புத் தளர்ச்சியா?’ என்று பெரிய மஞ்சள் எழுத்து. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்ததை அவள் கண் கண்டிருக்கிறது, மனம் வாசித்ததில்லை. இப்போது வாசித்தது. ஆண்மைக் குறைவு. தாம்பத்தியத்தில் தோல்வி.

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது.

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து போன பிறகுதான் செல்வதாஸின் பாதம் மரத்தது. பிறகு முழங்கால் மடங்கியது. பிறகு கத்தி பிடிக்கும் கை சோர்ந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயரைச் சொல்லிவிட்டு, இவர்கள் முழிப்பதைப் பார்த்து, “என்ன வேலை?” என்று கேட்டார். பால்வெட்டு என்றதும் அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

உத்தரவு போடும் இடம் மூளையும் தண்டுவடமும். அங்கே ஒரு கோளாறும் இல்லை என்றார். அங்கிருந்து கை கால்களுக்கு ஓடுகிற நரம்புகளில்தான் கோளாறு. நரம்பு வெறும் கயிறு அல்ல, உயிருள்ள செல்களின் இழைக்கட்டு. நரம்புச் செல்லுக்குச் சின்னதாக ஓர் உடல், சேதி வாங்கக் கிளை கிளையாகச் சில இழைகள், சேதியைக் கொண்டுபோக நீளமாக ஒரு வால். தண்டுவடத்தில் கிடக்கும் செல்லின் வால் பாதம் வரை போகும். அந்த வாலை வேறு செல்கள் பட்டை போலச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பட்டை இருந்தால்தான் சேதி விரைந்து ஓடும். நோய்க் கிருமியோடு சண்டைக்குக் கிளம்பிய உடம்பின் காவல் செல்கள் ஆள் தெரியாமல் அந்தப் பட்டையை உரித்துவிட்டன.

“ரப்பர் மரத்தில் பட்டை திரும்ப வருமா?” என்று கேட்டார் டாக்டர்.

“வரும் டாக்டரே. பட்டைக்கு உள்ள இருக்க தடியில கத்தி படப்பிடாது.”

“உமக்கும் தடியில், அதாவது அந்த வாலில், அதிகம் படவில்லை. பட்டை வளரும். ஆனால் நடக்க வேண்டும். சும்மா கிடந்தால் தசை சூம்பிவிடும்.”

அத்தனையும் நேசபாய்க்குப் புரிந்தது. புரிந்தும் என்ன? சபையின் பெண்கள் சங்கத்தில் ஜெபத்துக்காகத் தலைவி நோயின் பெயரைக் கேட்டபோது அந்த வெளிநாட்டுப் பெயர் நாக்கில் வரவில்லை. பட்டை கதையை விவரிக்கவும் கூச்சம். மைக் இல்லாமலே கோயில் நிறையப் பாடுகிற குரல் அவளுடையது. அந்தக் குரலில் எழுந்து நின்று சொன்னாள்: “எனக்க மாப்பிள்ளைக்கு நரம்புத் தளர்ச்சி. எல்லாரும் பாரத்தோட ஜெபிக்கணும்.”

பெண்கள் தலை கவிழ்ந்தார்கள். சிலருக்குத் தோள் குலுங்கியது. தன் துயரத்துக்காக அழுகிறார்கள் என்று நினைத்து, பாவி, கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

கம்பு ஊன்றிச் சாயாக்கடை வரை நடந்துகொண்டிருந்த செல்வதாஸ் அந்த வாரத்தோடு நடையை நிறுத்தினார். காரணம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒரு முயற்சியும் இல்லாத மனுசன்” என்று அவரை ஏசியதும் இதே குரல்தான்.

“தம்பி, அது அந்தச் சூக்கேடு இல்ல,” என்றாள் நேசபாய். “நரம்புக்க மேல இருக்க பட்டை உரிஞ்சு போச்சு. மூளை சொல்லுகது காலுக்குப் போய்ச் சேரல்ல. அம்புட்டுதான். நான்தான் தெரியாத பேரைச் சொல்லி அவியள நாற வச்சிட்டேன்.”

குமாரதாஸின் முகத்தில் சிரிப்பு வற்றியது.

“பட்டையா? அதுதான் வளருமே மைனி.”

“வளரும் தம்பி. ஆனா நடந்தாதான் காலு நிக்கும். அவியதான் வெளிய எறங்க மாட்டேங்காவ.”

“சாயாக்கடையில மொதல்ல சிரிச்சது நான்தான்,” என்றான் அவன், தம்ளருக்குள் பார்த்துக்கொண்டே.

திரை அசைந்தது.

செல்வதாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டியின் முன்பக்கம் தம்ளர் தண்ணீரில் நனைந்திருந்தது. நேசபாய் எழுந்தாள், அவர் பார்வை அவள் மேல் படவே இல்லை.

“ஏலே குமாரதாசு.”

“அண்ணே…”

“லேகியத்தை எடு. செலவழிச்சு வாங்கினது, வீணாக்காத. ஒனக்கு ஒதவும்.”

“போங்கண்ணே,” என்று குமாரதாஸ் டப்பாவைப் பைக்குள் திணித்தான்.

“நாளைக்குக் காலையில சாயாக்கடைக்கு வருவேன். கம்பு ஊனிட்டுத்தான் வருவேன். எனக்க மொகத்தைப் பாத்துச் சிரிக்கியான்னு பாக்கட்டு.”

அவன் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். செல்வதாஸ் சுவரை விட்டு வாசல் கதவை நோக்கிப் பாதத்தை எடுத்து வைத்தார். பாதம் தொங்கியது, தரையைத் தடவியது, ஊன்றியது. மறுபடி எடுத்தார். தாங்கிப் பிடிக்க நேசபாயின் கை தானாக நீண்டது. அதை அவர் கண்டார், விலகி நடந்தார்.

‘மன்னிச்சிருங்க’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். கோயிலை நிறைக்கிற அந்தக் குரல் எழுமுன் அவர் முந்திக்கொண்டார்.

“உள்ள வெள்ளம் கொட்டிக் கிடக்கு. தொட,” என்றார் அவர், திரும்பாமலே.

வெளியே குமாரதாஸின் பைக் உறுமி, ரப்பர் மரங்களுக்குள் போய்த் தேய்ந்தது. செல்வதாஸ் கதவைச் சாத்தினார். நேற்றுவரை சட்டைப் பொத்தானைப் போட முடியாத விரல்கள் தாழ்ப்பாளில் தடுமாறின, வழுக்கின, மறுபடி பிடித்தன. துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு, உதவிக்குப் போகத் தைரியமில்லாமல் அவள் நின்றாள். தாழ்ப்பாள் விழுந்தது.