லோர்கன் நூன் சோம்பேறியான கதை

அயர்லாந்தில் எங்கள் ராஸ்காமன் பக்கத்தில் லோர்கன் நூனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆள் கிடைக்காது. நான் சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது.

வாய் பெரிது அவனுக்கு. அடுப்பெரிக்கச் சதுப்பு மண் வெட்டத் தன்னைப்போல் சுற்றுவட்டாரத்தில் ஆளே இல்லை என்று பப்பில் உட்கார்ந்து அளப்பான். சதுப்பைப் பாதுகாக்கப் போகிறோம், இனி யாரும் வெட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியவனும் அவன்தான். “அவங்க காகிதத்துல என் கையெழுத்து விழாது!” என்று சபதம் வேறு.

அந்த வீராப்பெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. வெட்டிக் காயவைத்த மண்கட்டிதான் என் வீட்டுக்கு அடுப்பு, வெந்நீர், கணப்பு எல்லாம். வெட்டுவதை நிறுத்தியவர்களுக்கு ஈடாக வருடாவருடம் பணம், வேண்டாமென்றால் வாசலில் கொண்டுவந்து இறக்கும் மண்கட்டி என்றார்கள். நான் கட்டிக்கு எழுதிப்போட்டேன். சதுப்பில் அவரவருக்குச் சொந்தமான துண்டு நிலத்தில் சமீப வருடங்களில் வெட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அதிகாரி வரைபடத்தோடு வந்தார். சதுப்பில் வேலி ஏது, வாய்க்கால்தான் எல்லை. படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“டிம்ப்னாம்மா, உங்க துண்டு வாய்க்காலுக்கு இடப்பக்கம். அதுல மண்வெட்டியே படல. நீங்க வெட்டினது நூனோடதை.”

என் கணவர் இருந்தவரை நான் சதுப்புக்குத் தேநீர் கொண்டுபோனதோடு சரி. அவர் இறந்த வருடம் தனியாக வந்து தப்பான பக்கம் இறங்கியிருக்கிறேன். பதினெட்டு வருடம் அடுத்தவன் மண்! குளிர்காலம் வாசலில் நிற்கிறது, வீட்டிலோ பத்து நாளைக்குக்கூடக் கட்டி இல்லை.

வேடிக்கை பார்க்க வந்த கும்பலில் லோர்கனும் நின்றான். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

“மாத்திக்கிட்டதுங்க அது,” என்றான். “இவ மாமனாரும் எங்கப்பாவும் வாய்ப்பேச்சா மாத்திக்கிட்டாங்க. வலப்பக்கம் இவளுது, இடப்பக்கம் என்னுது.”

“எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?”

“கொடுங்க.”

“அப்ப உங்க துண்டுல வெட்டவே இல்லையே. உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. ஏன் வெட்டல?”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. லோர்கன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

“சோம்பேறிங்க நான்.”

கும்பல் விழுந்து விழுந்து சிரித்தது. பப்பில் இன்றைக்கும் அவனுக்கு அதுதான் பெயர். எங்கள் வீட்டுக் கணப்பு எரிவது அந்த மனுஷன் தயவில். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

எல்லாரும் போனபின் கேட்டேன். “நான் உன் மண்ணுல வெட்றது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“மொத வருஷமே. அதான் ஆத்தைத் தாண்டி எங்கண்ணன் துண்டுல போய் வெட்டினேன்.”

“சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன, கழுதை?”

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

“பாத்தியா,” என்றான். “அன்னைக்கும் இப்படித்தான் அழுதுக்கிட்டே வெட்டிக்கிட்டிருந்த. எப்படிச் சொல்றது?”