ஜஸ்டினாவிடம் மிஞ்சிய ஒரு சொல்

அகனேதா டூயெக் மாவைப் பிதுக்கி உருட்டி, ஒவ்வொரு உருண்டையின் தலையிலும் ஒரு சிறிய உருண்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எங்கள் மெனோனைட் கிறிஸ்தவ வீடுகளில் சனிக்கிழமை என்றால் இந்த இரட்டை பன்தான். அன்று அவள் வைத்த தலையெல்லாம் கோணிக்கொண்டு நின்றன.

“என்னடி, எல்லாம் குடிச்சிட்டு வந்த மாதிரி சாயுது?” என்றேன்.

“நாளைக்குத் திருவிருந்து, ஆன்னி. அப்பம் வந்தா நான் கை நீட்ட முடியாது.”

யாருக்காவது தீங்கு செய்திருந்தால், ஒப்புரவாகிவிட்டுத்தான் திருவிருந்துக்கு வர வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். அத்தனை வருடமும் ஒப்புரவாகாமலே வந்ததை எண்பத்தொரு வயதில் அன்றுதான் வாய் திறந்து சொன்னாள்.

பத்தொன்பது வயதில் அக்கா ஜஸ்டினாவின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் சபை பாவமென்று விலக்கிய நடனத்துக்கு டவுனுக்குப் போனவள் இவள். கோட்டைப் பார்த்தவர்கள் சபை மூப்பர்களிடம் ஜஸ்டினாவின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். சபை நடுவே ஜஸ்டினாவை நிறுத்தி, “மனஸ்தாபப்படுறியா?” என்று கேட்டது சிறுமியாயிருந்த எனக்கும் நினைவிருக்கிறது.

“இல்ல. நான் போகவே இல்ல,” என்றாள் ஜஸ்டினா.

அகனேதா பெண்கள் பெஞ்சில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜஸ்டினாவைப் பல வருடம் திருவிருந்தில் சேர்க்கவில்லை. நிச்சயம் செய்திருந்த இஸ்பிராண்ட் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

“ஜஸ்டினாவுக்கு அது நீன்னு தெரியுமா?” என்றேன்.

“அன்னிக்கு ராத்திரி வந்து ஈரக் கோட்டை அவ ஆணியில மாட்டினேன். தெரியாம இருக்குமா? ஒரு வார்த்தை கேக்கல. நானும் அறுவடை முடியட்டும், அறுவடை முடியட்டும்னு தள்ளிக்கிட்டே வந்தேன்.”

அந்த வருடம் பிப்ரவரியில் ஜஸ்டினாவுக்குப் பக்கவாதம் வந்தது. வாயில் மிஞ்சியது “இல்ல” என்ற ஒரே சொல்.

முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தே கிழவியானவள் நான். இப்படி ஒற்றைச் சொல்லோடு நின்றவர்களைக் கவனித்திருக்கிறேன். சூப் வேண்டுமா என்றால் ஜஸ்டினா “இல்ல” என்பாள். உடனே வாயைத் திறப்பாள். நாங்கள் சொல்லை விட்டுவிட்டு வாயைப் பார்ப்போம்.

மத்தியானம் இருவரும் ஜஸ்டினா இருந்த அந்த இல்லத்துக்குப் போனோம்.

“முட்டி போடாதே, தூக்கிவிட என் முதுகு ஒத்துக்காது,” என்றேன். அகனேதா கேட்காமல் முட்டி போட்டாள்.

“அக்கா, அந்த நடனத்துக்குப் போனது நான். உன் கோட்டுல போனேன். பேர் உனக்கு வந்தப்போ வாயை மூடிக்கிட்டேன். என்னை மன்னிப்பியா?”

ஜஸ்டினா அவளை நேராகப் பார்த்தாள். “இல்ல,” என்றாள். சற்றுப் பொறுத்து, “இல்ல, இல்ல.”

“அவ எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுவா, அகனேதா,” என்றேன்.

“சூப்புக்கு வாயைத் திறப்பா. இதுக்கு எதைத் திறப்பா, சொல்லு?”

ஜஸ்டினாவின் முடங்காத கையைப் பார்த்தேன். போர்வையின் மேல் அசையாமல் கிடந்தது. கண்ணில் நீர் இருந்தது. ஆனால் பக்கவாதக்காரர்களுக்கு அது சும்மாவே வரும். அகனேதாவைத் தூக்கி நிறுத்தி வெளியே கூட்டிவந்தேன்.

திரும்பும் வழியில் மூப்பர் பெர்ன்ஹார்டின் வீட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவர் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். விறகைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

“அவங்க மன்னிச்சாங்களான்னு எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. உங்க வாயால சொல்ல வேண்டியதை நீங்க சொல்லுங்க. அவங்க வாயை நம்ம யாராலயும் திறக்க முடியாது. அப்பம் கூலி இல்லக்கா, இரக்கம்.”

“உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க.”

“சுலபம்னு நான் சொல்லலியே.”

வீடு வந்ததும் கோணல் பன்களை அடுப்பில் வைத்தாள். சாப்பிடவில்லை. “அவ நெஜமாவே ‘இல்ல’ன்னு சொல்லியிருந்தா?” என்று மட்டும் கேட்டாள். “சொல்லியிருக்கலாம்,” என்றேன். பொய் சொல்லி ஆறுதல்படுத்துகிற பழக்கம் எனக்கில்லை.

மறுநாள் காலை, அப்பம் பிட்கப்படும் முன், ஜஸ்டினா அன்று நின்ற இடத்திலேயே அகனேதா போய் நின்றாள். கோட்டைப் பற்றிச் சொன்னாள். விஷயம் தெரிந்தவர்கள் எங்களில் நாலைந்து பேர்தான் உயிரோடு இருந்தோம்; இளசுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அப்பம் எங்கள் பெஞ்சுக்கு வந்தது. அவள் கைகள் மடியிலேயே கிடந்தன. பெர்ன்ஹார்ட் தட்டோடு நின்றார். எங்களுக்குப் பின்னால் எல்லோரும் காத்திருந்தார்கள்.

பிறகு இரண்டு கைகளையும் நீட்டினாள். அவற்றுக்குக் கீழே என் கையைக் கொடுத்துத் தாங்கினேன்.