மறியலில் எழ முடியாத பெரியவரும் எங்கள் மாமியும்

இன்று காலை நாங்கள் ஏறிய கள்ளக்குறிச்சி பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது!

"இதுக்கு மேல போவாதுங்க. இட ஒதுக்கீடு மறியலு. எறங்கி அந்தாண்ட நடந்து போனீங்கன்னா வேற பஸ்ஸு கெடைக்கும்" என்றார் கண்டக்டர்.

பக்கத்தில் என் மாமியார். எழுபதைத் தாண்டியவர்.

போன வருஷம் இதே மாமி திருக்கோவிலூரில் எங்கள் வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்டியதில்லை.

மாமா மவுத்தாகிக் கண்ணை மூடிய பிறகு மாமிக்குச் சாப்பாட்டில் மனசு போகவில்லை. டீயும் பன்னும்தான். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப் போனது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கக் கையில் வலு இல்லை. கட்டிலை விட்டு எழ என் தோள் வேண்டும்.

ஒரு நாள் பாத்ரூமில் விழுந்தார். அல்லா காப்பாற்றினான், எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றோடு தைரியம் போய்விட்டது.

"வயசாயிட்டா அப்பிடித்தான்" என்றார்கள் பார்க்க வந்த சொந்தக்காரர்கள். (ஆளுக்கொரு பாக்கெட் ரஸ்க்கோடு வந்தார்கள். எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர்தான் தின்றார்.)

அப்படிச் சொல்லாத ஒரே ஆள் டாக்டரம்மா. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். மாமியால் முடியவில்லை.

"இது வெறும் வயசு இல்லீங்க. சதை கரைஞ்சி பலம் போயிருக்கு. நல்லாச் சாப்பிட்டு, பயிற்சி செஞ்சா நெறைய திரும்பி வரும்" என்றார். தலை சுற்ற வைத்துக்கொண்டிருந்த மாத்திரையைக் குறைத்தார். தினமும் முட்டை, பருப்பு, முடிந்தால் மீன் என்றார்.

பிறகு ஒன்று கேட்டார். "உங்களுக்கு இன்னாம்மா செய்யணும்னு ஆசை?"

மாமி யோசிக்கவே இல்லை. "நாக்காலியில உக்காந்துக்கினு தொழுவறேன். தரையில நெத்தி வெச்சித் தொழுவணும் டாக்டரம்மா."

அதற்காகவே பிசியோதெரபி பெண் வந்து சொல்லிக்கொடுத்தார். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. அப்புறம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்குவது, திரும்ப எழுவது. ஆரம்பத்தில் பாதியில் அழுதுவிடுவார். "என்னிய வுட்டுடுங்கம்மா" என்பார். மறுநாள் அவரே நாற்காலியை இழுத்துப் போடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை தரையில் நெற்றி வைத்துத் தொழுதார். தானாக எழுந்தார். நான் கதவோரம் நின்று அழுதேன்.

"அழுவறத அப்பறம் அழுவலாம். கொழம்பு தீயுது பாரு" என்றார் மாமி.

சரி, மறியலுக்கு வருவோம். கள்ளக்குறிச்சியில் இருக்கும் தன் தங்கச்சியைப் பார்க்க, விழுந்ததற்குப் பிறகு மாமி கிளம்பிய முதல் பயணம் இது.

"திரும்பிப் போயிடலாமா மாமி?"

"ஏன், காலு இல்லியா? நட."

நடந்தோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அதிகாரிகள் பேசி முடித்திருந்தார்கள். கூட்டம் கலைந்து, எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

ஒரே ஒரு பெரியவர் மட்டும் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்!

இன்ஸ்பெக்டர் கோபத்தோடு வந்தார். "பெரியவரே, மறியல் முடிஞ்சிடுச்சி. எழுந்திரிங்க."

"முடியாதுங்கய்யா."

"கைது பண்ண வேண்டியிருக்கும்!"

"பண்ணுங்கய்யா! அப்பவாவது தூக்குவீங்க இல்ல? முட்டி புடிச்சிக்கிச்சி, எழுந்திரிக்க முடியல!"

இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பெரியவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மணலூர்பேட்டைப் பக்கத்து விவசாயியாம். இத்தனை பேர் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று தலை குனிந்திருந்தார்.

இரண்டு பேர் அவர் கையைப் பிடித்து இழுக்க, "ஐயோ!" என்று அலறினார்.

அடுத்த நொடி என் பக்கத்தில் மாமி இல்லை!

"இழுக்காதீங்கப்பா, தோளு நழுவிடப் போவுது! அந்த டீக்கடையில ஒரு நாக்காலி கேட்டு வாங்கியாங்க."

நாற்காலி வந்தது. மாமி அவர் எதிரில் குனிந்தார்.

"அண்ணே, எங்கயாவது அடிபட்டுதா?"

"இல்லம்மா. மரத்துப் போச்சி, அவ்ளோதான்."

"மொதல்ல கால நீட்டி மடக்குங்க. ஆங். இப்ப ஒரு பக்கமா திரும்புங்க. முட்டிக்கு அடியில துண்டப் போட்டு மண்டி போடுங்க. ரெண்டு கையும் நாக்காலி மேல. நல்லா இருக்கிற கால முன்னாடி ஊணுங்க. அவசரம் வாணாம். இப்ப எழுந்திரிங்க!"

பாதி எழுந்து மறுபடி மண்டி போட்டுவிட்டார்.

"நானும் இப்பிடித்தான் அழுதுகினு கெடந்தேன். இன்னொரு தடவ, அண்ணே."

எழுந்துவிட்டார்! தானாக! மறியலில் கிளம்பாத கைத்தட்டல் அப்போது கிளம்பியது. இன்ஸ்பெக்டரும் தட்டினார்.

பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாய் வூட்டம்மா, இத எங்க கத்துக்கினீங்க?"

"ஆஸ்பத்திரியில. நீங்களும் போய்க் காட்டுங்க. இன்னா சாப்புடறீங்க?"

"கஞ்சிதாம்மா. வயசான வயித்துக்கு அது போதும்னு வூட்ல சொல்றாங்க."

"கஞ்சி மட்டும் போதாது. முட்டை, பருப்பு கேட்டு வாங்கிச் சாப்புடுங்க. வெக்கப்படாதீங்க."

"மருமவகிட்ட இன்னான்னு சொல்லிக் கேக்கறது?"

"மறியல்ல கேட்ட மாதிரிதான்!" என்றார் மாமி.

அந்தப் பக்கம் வேறு பஸ் கிடைத்தது. ஒரே கூட்டம். மறியலில் இருந்த ஒரு பையனும் ஏறியிருந்தான். மாமியைப் பார்த்ததும் எழுந்து, "உக்காருங்கம்மா" என்றான்.

மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"ஒதுக்கீடு உங்களுக்குக் கெடைக்கட்டும் தம்பி. எனக்கு வாணாம், நான் நின்னுக்கினே வரேன்!"

பஸ்ஸே சிரித்தது.

(கொஞ்ச தூரம் போனதும் உட்கார்ந்துவிட்டார். அதையும் நான் சொல்லாமல், அவராகவே!)