தினம் அஞ்சு வார்த்தை, எல்லாத்துக்கும் ஒரே மேனேஜர்

தென்னூர்ல ஒரு டிராவல்ஸ் ஆபீஸ்ல எனக்குக் கவுன்ட்டர் வேலை. வெளிநாட்டிலேர்ந்து கோயில் பார்க்க வர்றவங்களுக்கு ரூம், வேன் எல்லாம் ஏற்பாடு பண்ணணும். நான் படிச்சது முழுக்கத் தமிழ் மீடியம். மெயில்ல தேதியும் ஊர் பேரும் புரிஞ்சா போதும்னு ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒரு சிங்கப்பூர் பார்ட்டி தேதிக்குப் பக்கத்துல ‘டென்டேட்டிவ்’னு போட்டிருந்தாங்க. இன்னும் முடிவாகலை, மாறலாம்னு அர்த்தம். எனக்குத் தெரியலை. வேனை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிட்டேன். டிரைவர், அவங்க பேர் எழுதின அட்டையைத் தூக்கிக்கிட்டு மத்தியானம் வரைக்கும் நின்னார். யாரும் வரலை.

தப்பு என்னோடதுதான், இல்லைங்கலை. தனியா கூப்பிட்டுத் திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். எங்க மேனேஜர், ரெண்டு கஸ்டமர் எதிர்ல உக்காந்திருக்கும்போதே, “இதுகூடத் தெரியாம எந்த தைரியத்துலம்மா இந்தச் சேர்ல உக்கார்ற?”ன்னு கேட்டார். அன்னைக்கே என்னை உள்ரூம்ல பழைய ஃபைல் அடுக்க அனுப்பிட்டார். அதோட விட்டாரா? என் பேரையே மாத்திட்டார். “டென்டேட்டிவ் வந்தாச்சா? டென்டேட்டிவ் சாப்பிட்டாச்சா?” டீ கொண்டு வர்றவர்கூடச் சிரிச்சார். இருய்யா, உன் இங்கிலீஷாலயே உன்னைக் கவுக்கறேன்னு கறுவிக்கிட்டேன்.

வீடு ஸ்ரீரங்கத்துல. காலையில காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் அஞ்சு வார்த்தை எழுதிக்குவேன். பஸ் காவேரிப் பாலம் தாண்டுறதுக்குள்ள மனப்பாடம் ஆயிடணும். வெறும் அர்த்தம் மட்டும் படிச்சா மறுநாளே மறந்து போச்சு. அதனால வார்த்தைக்கு ஒரு வாக்கியம் நானே எழுத ஆரம்பிச்சேன். எல்லா வாக்கியத்துலயும் ஆள் அவர்தான். அரகன்ட், திமிர் பிடிச்ச: எங்க மேனேஜர் அரகன்ட். ஹ்யூமிலியேட், அவமானப்படுத்து: ஒருநாள் நான் அவரை ஹ்யூமிலியேட் பண்ணுவேன். போஸ்ட்போன், தள்ளிப்போடு: அந்த நாளை நான் போஸ்ட்போன் பண்ண மாட்டேன். ஒண்ணுகூட மறக்கலைங்க. விண்டிக்டிவ்னு ஒரு வார்த்தை வந்துச்சு, பழிவாங்குற குணமுள்ளன்னு அர்த்தம். அதுக்கு மட்டும் என்னைப் போட்டு எழுதினேன். எழுதினப்போ சந்தோஷமா இருந்துச்சு.

ஒரு வருஷம் போச்சு. முதலாளி இங்கிலீஷ் பேச்சுக்குத் தலையாட்டுவார், படிக்கத் தெரியாது. எல்லாத்தையும் மேனேஜர்தான் படிச்சுச் சொல்வார். ஆனா ஒருநாள் வந்தது மேனேஜர் மேலயே புகார். மலேசியாவிலேர்ந்து வந்த வயசான தம்பதி, கோயில்ல வீல்சேர் வேணும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. வீல்சேர் வரலை. அந்தம்மா வெயில்ல நடந்து மயங்கி விழுந்துட்டாங்க. அவங்க மகன் முதலாளி போனுக்கே எழுதிட்டார். முதலாளி மேனேஜரை நிக்க வச்சுட்டு, “நீ இப்ப இங்கிலீஷ் நல்லா படிக்கறியாமே, வாம்மா”ன்னு என்னைக் கூப்பிட்டார்.

படிச்சேன். மேனேஜர் நெக்லிஜென்ட்டா இருந்தார்னு எழுதியிருந்துச்சு. “அப்படின்னா?”ன்னார் முதலாளி.

வீல்சேரை அவர் மறந்துதான் போனார். எனக்கே தெரியும். அன்னைக்கு அவர் பொண்ணுக்குக் காய்ச்சல், லீவு கேட்டும் கிடைக்கலை, நாள் முழுக்கப் போனும் கையுமா அலைஞ்சார். இப்ப என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். அந்தக் கண்ணு கெஞ்சுச்சு.

“தெரிஞ்சே அலட்சியம் பண்ணினார்னு அர்த்தம் சார்”னேன்.

மேனேஜர் பதறிப்போய், “சார், அந்த வார்த்தைக்கு அப்படி அர்த்தம் இல்ல சார்”னார்.

“ஒரு உயிர் போயிருக்கும். இப்ப எனக்குப் பாடம் நடத்தறீங்களா? நாளையிலேர்ந்து வராதீங்க”ன்னு முதலாளி எழுந்துட்டார்.

மறுநாள் காலையில கவுன்ட்டர் சேர்ல உக்காந்தேன். பாவமா இல்லையான்னு கேப்பீங்க. இல்லைங்க. நெக்லிஜென்ட்னா கவனக்குறைவு, அவ்வளவுதான். வருஷம் பூரா இங்கிலீஷ் வார்த்தையா சேர்த்தேன். அவரைச் சாய்ச்சது நான் கையிலேர்ந்து போட்ட ‘தெரிஞ்சே’.