பதினான்கு புட்டிகளும் நான் எழுதாமல் விட்ட ஒன்றும்

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். முகக்கவசம் கட்டி, கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினேன். ஆறு மணிக்கு வயிற்றில் இருந்த திரவத்தை வடித்தேன். உள்ளே விட்டது இரண்டு லிட்டர். வெளியே வந்தது, தராசில், 1,880 கிராம். புதுப் பையை ஏற்றினேன். இரண்டு இட்லி. சர்க்கரை இல்லாத காப்பி, அரை டம்ளர். ஏழு மணி பஸ்ஸில் மனைவி செல்வியோடு சிறுவாச்சூர் போய் அம்மனைத் தரிசித்தேன். பன்னிரண்டுக்குள் அரியலூர் திரும்பி அடுத்த பையை மாற்றினேன். இரண்டு மணிக்கு வேலை.

அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. அதைச் சொல்வதற்காகவே அம்மனை நம்பும் உங்கள் முன் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் எடை மேடையில் வேலை செய்கிறேன். சுண்ணாம்புக்கல் லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. இருபத்து நான்கு ஆண்டுகளாக இதுதான். சர்க்கரை நோயால் என் சிறுநீரகங்கள் கெட்டபோது, திருச்சி மருத்துவர் வயிற்று வழி டயாலிசிஸ் செய்யச் சொன்னார். தினம் நான்கு முறை வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடிக்க வேண்டும். வயிற்றின் உள் ஜவ்வு வழியாக ரத்தத்திலுள்ள கழிவும் மிகுதியான நீரும் அதில் வந்து சேரும். போனதைவிட வந்தது கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கேட்டதும் என் பயம் பாதி போய்விட்டது. என் தொழிலே அதுதானே.

மார்ச் மாதத்தில் கணக்கு பிசகியது. ஒரு பைக்கு 2,300 கிராம் வந்துகொண்டிருந்தது 2,150 ஆனது. மலச்சிக்கலாக இருக்கலாம் என்று மருத்துவர் மாத்திரை கொடுத்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. சரியாகும் வரை திங்கள், வெள்ளி இரண்டு நாளும் வந்து மாவிளக்குப் போடுகிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். சிறுவாச்சூரில் நடை திறப்பது அந்த இரண்டு நாட்கள்தான்.

மாத்திரையில் மலச்சிக்கல் தீர்ந்தது. ஆனால் வேண்டுதலுக்குப் பிறகு எடை இன்னும் குறைந்தது. மே மாத இறுதியில் வாரச் சராசரி இரண்டாயிரத்துக்குக் கீழே போனது. கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் மாலை வரை மறையவில்லை. எடை மேடையின் நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

மே 30, வியாழன். மருத்துவர் என் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஜவ்வு களைச்சுப் போயிருக்கும்னு தோணுது. ஒரு மாசம் பாப்போம். இல்லன்னா ரத்தத்தச் சுத்தம் பண்ற மெஷினுக்கு மாறிடலாம். வாரத்துக்கு மூணு நாள் வரணும்."

வாரத்தில் மூன்று நாள் திருச்சி என்றால் வேலையை விட வேண்டியதுதான். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். செல்வி குனிந்து என் செருப்பின் வாரைத் தளர்த்திவிட்டாள். அந்தப் பரிவுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அப்போதுதான் பர்வீன் வந்தாள். லப்பைக்குடிக்காட்டுப் பெண். அந்த மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்கிறாள். வயிற்றிலிருந்து வடியும் திரவத்தில் என்னென்ன நுண்ணிய பொருள்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்த்து, நோயாளியின் நிலையை அறிய முடியுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

"சாப்பாட்ட ஒடம்பு ஒடச்சுப் போட்டு மிச்சம் வைக்குமில்லீங்களா, அதத்தான் சார் பாக்கறோம். சாம்பலப் பாத்து என்ன வெறகு எரிஞ்சுதுன்னு சொல்ற மாதிரி" என்றாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எவ்வளவு வெளியே வருகிறது என்று இரண்டு வருடமாக எடை போட்டேன். என்ன வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பதினான்கு புட்டிகளை எண் போட்டுக் கொடுத்தாள். தினம் நண்பகல் வடிப்பதில் கொஞ்சம் பிடித்து உறைய வைக்க வேண்டும்.

ஜூன் 3, முதல் புட்டியின் நாள். சன்னதியில் நின்றபோது, குணப்படுத்து என்று நான் கேட்கவில்லை. ஆலையில் எடை குறைந்தால் எங்கே குறைந்தது என்றுதான் முதலில் தேடுவோம். "தாயே, எங்கே பிசகுதுன்னு காட்டு" என்று மட்டும் கேட்டேன். அழுகை வந்தது. செல்வி முந்தானையை நீட்டினாள்.

வீட்டில் புட்டிகளுக்கு இடம் கிடைப்பது பெரும்பாடானது. "என்னங்க, பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துலயா அத வெப்பாங்க?" என்று செல்வி கத்தினாள். பழைய டிபன் பாக்ஸ் ஒன்றைத் தந்து, "இனிமே இந்த பாக்ஸ் உங்களுக்குத்தான். எனக்கு வேணாம்" என்றாள். ஜூன் 16 வரை ஒரு நாள் விடாமல் பிடித்தேன்.

ஜூன் 27, வியாழன். பர்வீன் ஒரு தாளை விரித்தாள். பதினான்கு கோடுகள். எட்டு உயரம், ஆறு குட்டை.

"சார், ஒன்னு ரெண்டு, அஞ்சு ஆறு, எட்டு ஒம்போது, பன்னெண்டு பதிமூணு. இந்தப் புட்டியிலல்லாம் ஒரு சர்க்கரை ஏறி நிக்குது. நம்ம பையில இருக்கறது குளுக்கோஸ் மட்டுந்தான். இது வேற. பழம், வெல்லம், இப்படி வாய் வழியாத்தான் வரணும். என்ன சாப்பிட்டீங்க?"

நோட்டைத் திறந்தேன். திங்கள், செவ்வாய். வெள்ளி, சனி. மறுபடி அதே கிழமைகள். இட்லி, ரசம் சாதம், கீரை. மற்ற நாட்களிலும் அவைதான்.

"நான் எழுதாம எதுவும் சாப்பிடறதில்லம்மா. உங்க சோதனை மெஷின் தப்பா இருக்கும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"திங்கள், வெள்ளி எங்க போவீங்க சார்?"

"கோயிலுக்கு."

"அங்க?"

"சாமி கும்புடுவேன்."

செல்வி என் பக்கம் திரும்பினாள். "அப்ப மாவிளக்க யாரு தின்னா? நானா?"

"அது பிரசாதம்டி."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. கோயிலிலேயே பச்சரிசியை உரலில் இடித்து, வெல்லம் சேர்த்து, நெய்விளக்கு ஏற்றிய மாவு. அங்கே ஓர் உருண்டை. மீதி வீட்டுக்கு வந்து மறுநாள் வரை. கூடவே உடைத்த தேங்காயின் தண்ணீர். அரை டம்ளர் காப்பியை எழுதுகிற நான் இதை ஒரு நாளும் எழுதியதில்லை. மறைக்கவில்லை. அதை உணவு என்றே நினைக்கவில்லை. அம்மன் கொடுத்ததற்கு எடை ஏது?

பர்வீன் சிரித்துவிட்டாள். "எங்க அத்தாவும் இதே கதைதான் சார். நோன்பு தொறக்கற பேரீச்சம்பழம் சுகர ஏத்தாதும்பாங்க. அல்லாஹ் அதெல்லாம் பாத்துக்குவான்னுட்டு அஞ்சு ஆறுன்னு உள்ள போவும்."

"அப்ப ரெண்டு வூட்லயும் ஒரே ஆளுதான்" என்றாள் செல்வி.

மருத்துவர் தாளைப் பார்த்தார். அன்று காலையே ஜவ்வுக்கான சோதனையும் செய்திருந்தார்கள். அதில் குறை இல்லை. "பையில இருக்கற சர்க்கரைதான் ஒடம்புலேருந்து தண்ணிய இழுக்குது. ரத்தத்துலயும் சர்க்கரை ஏறிப்போச்சுன்னா யாரு யார இழுக்கறது? இத நிறுத்துங்க. ரெண்டு வாரம் கழிச்சு மெஷின் பேச்சு பேசலாம்."

நான் வீட்டில் சர்க்கரை பார்த்தது ஞாயிறு காலையில் மட்டும். வெல்லம் இறங்கிய நாள் அது. எடையையோ வாரச் சராசரியாகவே பார்த்தேன், ஆலையில் செய்வதுபோல. ஒழுங்காக எழுதிய என் நோட்டே பிசகு இருந்த இடத்தை மூடி வைத்திருந்தது.

இரண்டு வாரத்தில் 2,250. ஆகஸ்டில் 2,300. கால் வீக்கம் வடிந்தது. மெஷின் பேச்சு மறுபடி எழவில்லை. இதை எழுதும் இன்றும் இரண்டு மணிக்கு எடை மேடைக்குப் போகிறேன்.

வேண்டுதலே நோயைக் கூட்டிவிட்டதே என்று சிலர் கேலி செய்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கே பிசகு என்று காட்டச் சொன்னேன். அன்றைக்கே, முதல் புட்டியிலேயே, அது வந்து விழுந்திருக்கிறது. பர்வீனின் படிப்பும் அந்தக் கருவியும் அம்மன் எனக்கு அனுப்பிய கைகள். இப்போதும் மாவிளக்குப் போடுகிறேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். அதை வாங்கும் முகங்களைப் பார்ப்பது தின்றதைவிட இனிக்கிறது.

உங்களுக்கும் ஏதாவது பிசகினால் அவளிடம் போய்க் கேளுங்கள். காரணத்தையும் கேளுங்கள், பதில் வரும். அந்தப் பதில் உங்களையே சுட்டிக்காட்டினாலும் தட்டிவிடாதீர்கள். பிரசாதம் சாப்பிட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பர்வீனின் தாளைப் பார்த்த மறுநாள், ஜூன் 28, வெள்ளிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். கை கழுவப் போகுமுன், விளக்கைப் போட்டு நோட்டை எடுத்தேன். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி ஜூன் 3-க்கு வந்தேன். இட்லிக்கும் காப்பிக்கும் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. சிவப்பு மையில் எழுதினேன்: மாவிளக்கு, ஓர் உருண்டை. தேங்காய்த் தண்ணீர், ஒரு டம்ளர்.