ஒன்பதாவது வட்டம்

பாகலூரில் ஒரு புதுமனை விருந்து. என் இலையில் மட்டும் உப்பும் ஊறுகாயும் வைக்கவில்லை என்று பரிமாறியவரிடம் சண்டை பிடித்தேன். அவர் இலையைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார்.

"எல்லாம் வெச்சிருக்குது ஸ்டெல்லா. இடது பக்கம் பாரு" என்றார் கணவர். பார்த்தேன். இல்லை. இருவரும் சேர்ந்து கேலி செய்கிறார்கள் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

வாசலில் வலது காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேனாம். அதைப் பார்த்ததும் அவர் என்னைக் காரில் ஏற்றி ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினார். கைகூடக் கழுவ விடவில்லை என்று வழியெல்லாம் அவரைத் திட்டினேன்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது) என்றார்கள். கை கால் விழவில்லை, பேச்சு குழறவில்லை, அதனால் நான் நம்பவில்லை. மருத்துவர் ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, நடுவில் புள்ளி வைக்கச் சொன்னார். இருபது வருடமாகக் கல்லூரியில் வடிவியல் நடத்துகிறவளிடம்! எரிச்சலோடு வைத்தேன்.

"இதுதான் நடுவா மேடம்?"

"சந்தேகமா இருந்தா அளந்து பாருங்க டாக்டர்."

அளந்தார். புள்ளி மூன்று சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளியிருந்தது.

ஒருபக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும் மூளை ஒரு பக்கத்தைக் கணக்கிலேயே எடுக்காதது) என்று இதற்குப் பெயர்; எனக்கு அது இடப்பக்கம். இதில் கொடுமை, எதுவும் குறைவதாகத் தோன்றாது. ராயக்கோட்டை பஸ்ஸின் பலகையைக் 'கோட்டை' என்று படித்துவிட்டு, அப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது திடீரென்று இப்படி ஆனால், தயவுசெய்து வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அப்போது என் முனைவர் பட்ட ஆய்வைச் சமர்ப்பிக்க மூன்று மாதம்தான் இருந்தது. ஆதி கிறிஸ்தவ எழுத்துகளில் வடிவியல் என்பது தலைப்பு. அதற்காகவே சிரியாக் (வலமிருந்து இடமாக எழுதும் பழைய மொழி) கற்றுக்கொண்டேன். ஒரு சுவடியின் படநகலில், அதைப் பிரதியெடுத்த துறவி ஓரங்களில் கையாலேயே ஒன்பது வட்டங்கள் வரைந்து, உள்ளே புள்ளி வைத்திருந்தார். சிலவற்றில் புள்ளி நடுவில் இல்லை. கடவுள் நம் கணக்கில் அடங்கமாட்டார் என்பதற்கான அடையாளம் அது என்று ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன். ஆய்வின் உயிரே அதுதான்.

வீடு திரும்பியதும் பக்கங்களின் இடது ஓரத்தில் கணவர் சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்தார். சிவப்பு தெரியும்வரை கண்ணை நகர்த்த வேண்டும், இது பயிற்சி. டேப் இல்லாமல் படித்தால் தமிழில் வரியின் தொடக்கம் போய்விடும், சிரியாக்கில் முடிவு போய்விடும். ஒரு வாரம் கழித்து அந்த வட்டங்களை எடுத்துப் பார்த்தேன். அந்தப் புள்ளிகள் நான் ஆஸ்பத்திரியில் வைத்த புள்ளி மாதிரியே இருந்தன.

உண்மையிலேயே அப்படியா, அல்லது என் கெட்டுப்போன மூளை அப்படிக் காட்டுகிறதா? உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. பார்க்கிற கண்ணையே நம்ப முடியாதவள் எதை வைத்து ஆராய்வது? கடைசியில் படநகலைக் கணவரிடம் நீட்டினேன். அவர் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகர். வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தார்.

"மொதல் மூணும் கரெக்ட். நாலாவதுல புள்ளி திடீர்னு விலகி ஓடுது. அப்புறம் எல்லாமே வலது பக்கந்தான்."

"வேணும்னே வெச்சிருக்கலாம் இல்லீங்களா?" கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டேன்.

"ஒரே பக்கமா ஓடுனா எங்க கம்பெனில ரெண்டே கேள்விதான். மெஷினா, ஆபரேட்டரா?" குறித்து வைத்ததை மறுபடி பார்த்தார். "ஆனா ஒண்ணு ஸ்டெல்லா. அஞ்சாவதுல இருந்து குறைஞ்சுகிட்டே வருது. ஒம்பதாவதுல கொஞ்சந்தான்."

நான் அழுதுவிட்டேன். அத்தியாயம் போனதற்காக இல்லை. எனக்கு வந்ததே அந்தத் துறவிக்கும் வந்து, அவர் தேறிக்கொண்டிருந்தார்.

இதை என்னால் நிரூபிக்க முடியாது. அத்தியாயத்தை எடுத்துவிட்டேன், ஒரு வருட அவகாசம் கேட்டிருக்கிறேன். சுவடி ஒன்பதாவது வட்டத்தோடு நின்றுவிடுகிறது, மிச்ச ஏடுகள் கிடைக்கவில்லை. பத்தாவதில் புள்ளி எங்கே இருந்திருக்கும் என்ற நினைப்பு என்னை விடுவதாக இல்லை.

இப்போது தினமும் காலையில் ஒரு கோடு போட்டுப் புள்ளி வைக்கிறேன். கிழமை மறந்துபோகிறது, மில்லிமீட்டர் நினைவிருக்கிறது. இன்றும் வைத்துவிட்டு, அடுப்படியில் இருப்பார் என்று நினைத்து, "ஏங்க, வந்து அளங்க" என்று உரக்கக் கூப்பிட்டேன்.

"ஆறு மில்லிமீட்டர்" என்று காதருகே குரல் கேட்டது. திடுக்கிட்டுச் சிவப்பு டேப்பைத் தேடுகிற மாதிரி தலையை இடப்பக்கம் திருப்பினேன், இன்னும் திருப்பினேன். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"எப்ப வந்தீங்க?"

"டீ குடிச்சதுல இருந்து இங்கதான் இருக்கேன்."